நண்டுத் தராசும் எழுபது கிராம் பற்பசையும்

உங்களில் யாராவது ஒரு குழந்தையை நண்டுத் தராசில் உட்காரவைத்து எடை பார்த்ததுண்டா? இல்லையென்றால், பல் மருத்துவம் படித்து முடித்துவிட்டோம் என்று இப்போதைக்கு நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய நிமிடம் வரை நானும் எல்லாம் படித்தவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்று மூன்று வருடங்களாகின்றன. அரசு வேலையில் இருந்தபோது நான் பிடுங்கிய பற்களைக் குவித்தால் ஒரு சின்ன உப்பளம் தேறும். என் வாயிலேயே கடைவாய்ப் பற்கள் இரண்டு இல்லை. டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்த பாவம். உங்களை எல்லாம் அடுத்த மாதம் கிராம முகாம்களுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கை துறுதுறுத்தது. பல் பிடுங்குவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதை உங்கள் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லித்தந்திருப்பார்கள். வேலையில் இருந்த காலத்தில் நடந்த ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

பழவேற்காட்டுப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் ஒரு குப்பம். படகில்தான் போகவேண்டும். அன்று முகத்துவாரம் மண்ணடைந்து ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்ததால், பாலும் காய்கறியும் கொண்டுவரும் காலைப் படகு வரவில்லை. முந்தின நாளே போய்த் தங்கியிருந்த எனக்குக் கிடைத்தது கறுப்பு டீ. அதன் முக்கியத்துவம் அப்போது எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

வலை செப்பனிடும் கொட்டகையில் முகாம். பெண்களும் குழந்தைகளும் நிறைந்திருந்தார்கள். நான் பாட ஆரம்பித்தேன். பாட்டென்றால் நிஜப் பாட்டு இல்லை, என் வழக்கமான பிரசங்கம். அதில் ஒரு பகுதியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமைதான், கேளுங்கள்.

"நண்டு மாட்டினா வலை இன்னா ஆவும்?" என்று கேட்டேன். அந்த ஊர்ப் பேச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு பேசுவது என் கெட்ட பழக்கம்.

"கிழிஞ்சிடும்!" என்றார்கள் பிள்ளைகள்.

"கிழிஞ்சா?"

"நைனா தச்சிடுவாரு!"

பல்லும் அப்படித்தான் என்றேன். பல்லின் மேலே இருக்கும் எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் கண்ணி கண்ணியாகப் பின்னிய வலை. நாம் இனிப்புத் தின்னும்போது வாயில் இருக்கும் கிருமிகளும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலம் விடுகின்றன. அமிலம் கண்ணிகளை அறுக்கிறது. எச்சில் வந்து, தன்னிடம் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் வைத்து அறுந்த இடத்தைத் தைக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இந்த அறுப்பும் தையலும் நடக்கின்றன. தைக்கும் நேரத்தில் பக்கத்தில் கொஞ்சம் ஃப்ளூரைடு இருந்தால், அதுவும் கண்ணிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்த கண்ணி பழைய கண்ணியைவிட உறுதி. பஞ்சு நூலால் பின்னிய இடத்தை நைலானால் தைத்த மாதிரி. அடுத்த முறை அமிலம் வந்தால் அவ்வளவு சுலபத்தில் அறுக்க முடியாது. பற்பசையில் ஃப்ளூரைடு போடுவது இதற்காகத்தான். நுரை வருவதெல்லாம் வெறும் ஆடம்பரம்.

"அதனால தேய்ச்சிட்டுத் துப்புங்க. துப்பினதுக்கப்புறம் சொம்பு சொம்பா கொப்பளிச்சி அத்தக் கழுவி வுட்டுடாதீங்க" என்றேன். குடிதண்ணீரை அக்கரையிலிருந்து கேனில் தூக்கிவரும் பெண்களுக்கு இந்த மருத்துவம் ரொம்பப் பிடித்துப்போனது. கைதட்டினார்கள்.

கைதட்டல் கேட்டால் எனக்குப் புத்தி கழன்றுவிடும். நன்கொடையாக வந்த பற்பசைப் பெட்டியைப் பிரித்தேன். நூறு கிராம் டியூப், ஸ்ட்ராபெர்ரி வாசனை. ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இது மருந்தில்ல பசங்களா, மிட்டாய்! மிட்டாய் மாதிரி இருக்கும்!"

பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஆளுக்கொரு டியூப் கொடுத்தேன். எவ்வளவு வைத்துத் தேய்க்கவேண்டும் என்பதைச் சொல்ல மறந்துபோனேன்.

அரைமணி நேரம் இருக்கும். நான் ஒருவரின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டிருந்தேன். தேசம்மா ஓடிவந்தாள். இறால் உரிக்கும் வேலைக்குப் போகிற பெண், குரலும் ஆளும் கம்பீரமானவள். இடுப்பில் மூன்றரை வயது மகள் வெண்ணிலா. பிள்ளையின் வாயெல்லாம் ரோஸ் நிறம். கையில் சப்பையாகிப்போன டியூப்.

"டாக்டரு! முழுசும் துன்னுடிச்சி சார்! ஒரு கொடம் தண்ணி புடிச்சினு வரதுக்குள்ள துன்னுடிச்சி!"

வெண்ணிலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாக்கீது" என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

தம்பி தங்கைகளே, அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஏரி மாதிரி வற்றிக் கிடந்தது. பிறகு ஒரு மூலையிலிருந்து பாடப்புத்தகம் எட்டிப்பார்த்தது. ஃப்ளூரைடுக்குக் கால்சியத்தின் மேல் தீராத மோகம். பல்லின் மேல் துளியளவு இருந்தால் அந்த மோகம் கல்யாணத்தில் முடிகிறது. அதையே வயிறு நிறைய விழுங்கினால் அது ஆள்கடத்தல். வயிற்றைப் புண்ணாக்கிவிட்டு ரத்தத்துக்குள் போய், அங்கே இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயம் ஒழுங்காகத் துடிக்கவே கால்சியம் வேண்டும். ஆகவே வயிற்றிலேயே அதற்கு வேறு கால்சியத்தைக் கொடுத்து மடக்கிவிடவேண்டும். இரண்டும் சேர்ந்து கரையாத மண்ணாகி வெளியே போய்விடும்.

"பால்!" என்று கத்தினேன். "பால் கொண்டாங்க!"

"படகு வர்ல, பாலு ஏது சார்?" என்றது டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல். எனக்கு ஏன் கறுப்பு டீ கிடைத்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மாடு வளர்க்கும் ஊரில்லை அது. தயிரும் கிடையாது.

கால்சியம், கால்சியம். காலடியில் பார்த்தேன். கொட்டகைத் தரை முழுக்கக் கிளிஞ்சல். கிளிஞ்சல் என்றால் கால்சியம்தானே! நான் மேதை அல்லவா! "சுண்ணாம்பு! வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பைத் தண்ணியில கரைச்சிக் கொண்டாங்க!" என்று கூவினேன்.

நான்கு பெண்கள் ஓடத் திரும்பினார்கள்.

"எவளும் நவுரக் கூடாது!"

சத்தம் போட்டது அந்த ஊருக்கான கிராம சுகாதார நர்ஸ். பெயர் வேண்டாம், சொன்னால் கோபித்துக்கொள்வார். ஊரில் எல்லோருக்கும் நர்ஸம்மா. குள்ளமான உருவம். ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்கிற தொண்டை. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சார், சுண்ணாம்பு போச்சின்னா கொழந்தைக்குத் தொண்டை வெந்துடும். கால்சியம்னு சொல்லுங்க, நான் தேடி எட்த்து தரேன்."

எனக்கு மரியாதை போகாமல், என் தவறை எனக்கு மட்டும் கேட்கும்படி திருத்தினார் பாருங்கள், அந்தக் கலையை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. உங்களுக்கு மேலே இருப்பவர் பதற்றத்தில் உளறினால் இப்படித்தான் நிறுத்தவேண்டும். உங்களைக் கீழே இருப்பவர் நிறுத்தினால் உடனே நின்றுவிடவேண்டும். நான் நின்றேன்.

"கால்சியம் மாத்திரை கீதா உங்க பையில?" என்றேன்.

"ஸ்டாக் தீந்துபோச்சி. அடுத்த வாரம்தான் வரும்." நர்ஸம்மா பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே ஐந்தாறு கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். மாதாமாதம் அவர்களுக்குக் கால்சியம் மாத்திரை கொடுப்பது அவர்தான். சாப்பிட்டதற்குச் சாட்சியாகக் காலி அட்டையை வாங்கிப் பார்ப்பதும் அவர்தான். "யார் வூட்ல வெள்ளை மாத்திரை மீதி கீது?"

"எல்லாம் சாப்ட்டாச்சி நர்ஸம்மா."

"நானும்."

"அட்டைதான் குடுத்தனே, நீ எண்ணிப் பாத்தியே!"

நர்ஸம்மா இடுப்பில் கைவைத்து அவர்களை ஒரு பார்வை பார்த்தார். "இத பாருங்கமே. எனக்கு எல்லாம் தெரியும். வெள்ளை மாத்திரை துன்னா புள்ள பெர்சாயி ஆபரேஷன் பண்ணிடுவாங்கன்னு, மாத்திரையப் பிதுக்கி வெச்சிக்கினு வெறும் அட்டைய எங்கையில குடுக்கறீங்க. இன்னிக்கி ஒரு நாளு, ஒருத்தியையும் திட்ட மாட்டேன். எம் புள்ளைங்க மேல சத்தியம். தேசம்மா பொண்ணுக்கு வேணும்."

தேசம்மா யாரையும் கெஞ்சவில்லை. மகளை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவ்வளவுதான். எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் கையை ஊன்றி எழுந்தாள். "எங்கிட்ட கொஞ்சம் கீது" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் மூன்றாவது, நான்காவது. திரும்பி வந்தபோது ஒருத்தி கையில் மஞ்சள்தூள் டப்பா, ஒருத்தி கையில் முறுக்கு டின். கவிழ்த்தால் மாத்திரை கொட்டுகிறது! ஒரு பிரசவ வார்டுக்கே ஒரு வருடம் காணும். நர்ஸம்மாவின் முகத்தில் சந்தோஷமும் கொலைவெறியும் ஒரே சமயத்தில் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தியம் செய்துவிட்டாரே, பல்லைக் கடித்துக்கொண்டார்.

எல்லாம் கலந்து கிடந்தது. "சிவப்பு இரும்புச் சத்து. அது குழந்தை வாயில படவே கூடாது. வெள்ளை மட்டும்" என்று பொறுக்கினார். நாலு மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். வெண்ணிலாவுக்கு ஸ்ட்ராபெர்ரி பிடித்த அளவுக்கு இது பிடிக்கவில்லை. பாதியை என் சட்டைக்குக் கொடுத்தாள். மறுபடி கலக்கினோம்.

இனி அடுத்த கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டுமா, இங்கேயே வைத்துப் பார்த்தால் போதுமா? ஒரு கிலோ உடல் எடைக்கு ஐந்து மில்லிகிராம் ஃப்ளூரைடு போனால் ஆபத்துக் கோடு. அந்தப் பசையில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம். கணக்கு சுலபம்தான், ஆனால் பிள்ளையின் எடை தெரியாது, எவ்வளவு தின்றாள் என்பதும் தெரியாது.

"தராசு!" என்றேன்.

நண்டு ஏஜென்ட் கஜா கொட்டகைக்குப் பக்கத்திலேயே எலெக்ட்ரானிக் தராசு வைத்திருந்தான். பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து நண்டுகளை விரட்டிவிட்டு வெண்ணிலாவை உட்காரவைத்தான். அழுதுகொண்டிருந்தவள், "நண்டு கடிக்குமா?" என்று கேட்டாள். கஜா பழக்க தோஷத்தில் கத்தினான்:

"பன்னெண்டு எழுநூறு! கழிவு போவ பன்னெண்டரை!"

நண்டு விற்கிறவர்களுக்குத் தெரியும். கொடுக்கைக் கட்டிய கயிறு, ஈரம் என்று சொல்லி எடையில் கொஞ்சம் கழிப்பது ஏஜென்ட் வழக்கம்.

"எம் பொண்ணுக்குமாடா கழிவு போடற, பாடு!" என்று தேசம்மா சீறினாள். அவ்வளவு பயத்திலும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கஜா காதைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்து டியூப். முழு டியூப் ஒன்றை வைத்தோம், வெண்ணிலாவின் டியூபை வைத்தோம். வித்தியாசம் எழுபது கிராம். எழுபது மில்லிகிராம் ஃப்ளூரைடு. பிள்ளையின் கோடு அறுபத்துமூன்று பக்கம். கோட்டைத் தாண்டிவிட்டது.

கஜா என் தோளைத் தட்டினான். அவனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது, எடை என்றால் அவன் புலி. "சார், பாவாடையெல்லாம் ஒட்டிக்கினு கீது பாரு. மூஞ்சில வேற. ஒரு பத்து கிராம் கழிச்சிக்கோ. அறுவதுதான். உள்ள வந்துடும்."

உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. பத்துக் கிராம் கழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. வற்றின ஏரியைத் தாண்டவேண்டாம். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் முன்னால், நான் கொடுத்த பசையைத் தின்ற குழந்தையோடு போய் நிற்கவேண்டாம். 'மிட்டாய் என்று சொன்னேன்' என்று கேஸ் ஷீட்டில் எழுதவும் வேண்டாம். அந்தப் பத்துக் கிராமை யார் பார்த்தார்கள்? ஒட்டியிருந்தது இரண்டு கிராமாகவும் இருக்கலாம்.

நீங்கள் இங்கிருந்து வேறெதையும் எடுத்துப்போகாவிட்டாலும் இதை எடுத்துப்போங்கள். பயந்த மனசு எப்போதும் தனக்குச் சாதகமாகவே கழிவு போடும். கணக்கு உங்களுக்கு வசதியான பக்கம் சாயும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

"இன்னிக்கிக் கழிவு கெடையாது கஜா. படகை எட்" என்றேன்.

ஆம்பிளைகள் எல்லாம் கடலில். இருந்தது கஜாவின் எஞ்சின் படகு மட்டும், அதிலும் பொன்னேரிக்குப் போகவேண்டிய நண்டுக்கூடைகள் ஏற்றியாகிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் கூடைகளைக் கரையில் இறக்கிக்கொண்டிருந்தான். பாரம் குறைந்தால் படகு மிதக்கும், சேற்றில் தட்டாது. அது அவனுடைய கணக்கு. அதிலும் அவன் கழிவு போடவில்லை, கடைசிக் கூடை வரை இறக்கினான். நர்ஸம்மா போனில் ஆஸ்பத்திரியைப் பிடித்து, என்ன தின்றாள், எவ்வளவு, என்ன கொடுத்தோம் என்று கடகடவென்று சொன்னார். அக்கரைக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று.

ஏரி நடுவில் படகு தட்டியே விட்டது. கஜா குதித்தான், தேசம்மா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் குதித்தாள், முழங்கால் தண்ணீரில் இருவரும் தள்ளினார்கள். நானும் இறங்கப் பார்த்தேன். "நீ ஏறி குந்து டாக்டரு, உன் கனத்துக்குச் சேத்துல இறங்கினா உன்னைத் தூக்க இன்னொரு படகு வரணும்" என்றாள் தேசம்மா. உட்கார்ந்தேன். வெண்ணிலா என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். பசையும் மாத்திரையும் சேர்ந்து, ரோஸ் நிறத்தில் வெள்ளைத் திப்பிதிப்பியாக. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு அழகான வாந்தியைப் பார்த்ததாக நினைவில்லை. ஆனால் அவள் கை சில்லிட்டிருந்தது. நாடியை விரலில் பிடித்தபடியே அக்கரை வரை வந்தேன், வாய் மட்டும் ஏதோ உளறி அவளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பார்க்கும் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். எப்படி நடந்தது என்று டியூட்டி டாக்டர் கேட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர். சொன்னேன், மிட்டாய் என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டிலின் ஒரு பக்கம் தேசம்மா, ஒரு பக்கம் நான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. திரையில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தது. கால்சியம் இருக்கவேண்டிய அளவில் இருந்தது. "கொடுத்த மாத்திரை வேலை செஞ்சிருக்கு. எதுக்கும் சாயங்காலம் வரை பார்ப்போம்" என்றார் டாக்டர். சாயங்காலம் வெண்ணிலா ஒயரை ஒவ்வொன்றாகப் பிய்த்துவிட்டு இட்லி கேட்டாள். மூன்று தின்றாள். அப்போதுதான் தேசம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் போய் வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். என் பெட்டியும் சாமான்களும் அங்கேதானே கிடந்தன. கரையில் ஊரே நின்றது. பெண்கள் நடுவே ஒரு மீன்கூடை. அதில் நான் காலையில் கொடுத்த டியூப்கள் அத்தனையும்.

"விஷத்த நீயே எட்த்துனு போ சார்" என்றாள் ஒருத்தி. "எங்க புள்ளைங்க செங்கல்பொடில தேச்சிக்கும்."

கூடையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். காலையில் பேசியது போதாதா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேசம்மா படகிலிருந்து இறங்கினாள். கூடைக்குள் எட்டிப்பார்த்தாள்.

"இன்னாமே இது? தப்பு பண்ணது ரெண்டு பேரு. புள்ள கையில வுட்டுட்டுப் போனது நானு. வாய்க்கு வந்தத சொன்னது இந்தாளு. பேஸ்ட்டு இன்னா பண்ணுச்சி?"

கூடையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மூடியைத் திருகினாள். ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வைய்யி டாக்டரு. இவளுக்கு எவ்ளோன்னு எல்லாரும் பாக்கறாப்ல வைய்யி."

அவள் விரல் நுனியில் பிதுக்கினேன். பட்டாணி அளவு. அதையும் பயத்தில் கொஞ்சம் சின்னப் பட்டாணியாக வைத்தேன்.

தேசம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நேரே காட்டினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இவ்ளோதானா? இவ்ளோத்துக்கா ஒரு டியூப முழுசா மூணு வயசுப் புள்ள கையில குடுத்த?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்தார், கஜாவும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள், விஷம் என்று சொன்னாளே அந்தப் பெண், கூடையிலிருந்து தன் டியூபைத் தேடி எடுத்துக்கொண்டு முன்னால் வந்து தன் விரலை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து விரல்கள்.